நேர்காணலின் கடைசிக் கேள்வி

உங்களில் நாலு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து, வெளிநாட்டில் பொறியாளராகக் காலூன்றியது எப்படி என்று எழுதித் தரச் சொன்னீர்கள். வேலைக்காக வெளிநாடு போகும் சங்கரன்கோவில் வட்டாரப் பிள்ளைகளுக்கு நீங்கள் போடுகிற சிறு புத்தகத்துக்கு என்றீர்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இருபத்தைந்து வருடம் நியூசிலாந்தில் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று, சொந்த ஊருக்குத் திரும்பி வந்து சும்மா இருக்கிறவனிடம் அறிவுரை கேட்டால் கசக்கவா செய்யும்? உட்கார்ந்து பத்துப் பக்கம் எழுதினேன். விசாவுக்கு என்ன செய்வது, பயோடேட்டாவை எப்படிச் சுருக்குவது, குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் எடுத்துப்போவது, எல்லாம் இருந்தது. மறுநாள் வாசித்துப் பார்த்தேன். அந்தப் பத்துப் பக்கத்திலும் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

விசா விவரமெல்லாம் உங்கள் போனிலேயே கிடைக்கும். நான் காலூன்றிய கதையைப் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன். மீதிப் பாதியில், இன்னொருவர் அங்கே காலூன்ற வந்தபோது நான் என்ன செய்தேன் என்பதை எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. சம்பந்தப்பட்டவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் போகும்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. இங்கேயும் குடிநீர் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்து, கீழே பத்துப் பேர் ‘சார், சார்’ என்று நிற்க, ஜீப்பில் போய் வந்தவன். அங்கே ஒரு சின்ன ஊரில், ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஊருக்கு அனுப்புகிற நிலையத்தில், ஆகக் கீழ்ப்படியில் வேலை கிடைத்தது. என் மேற்பார்வையாளர் ஒரு பெண். என்னைவிட எட்டு வயது இளையவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையெல்லாம் கிரீஸ். தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். எனக்கு வாயில் வரவில்லை. மேடம் என்றேன். அவர் சிரித்தார். ஆனாலும் ஆறு மாதம் மேடம்தான். மேடம் என்று கூப்பிட்டேனே ஒழிய, ஒரு சின்னப் பெண்ணுக்குக் கீழே வேலை செய்யும்படி ஆகிவிட்டதே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். ஊருக்குப் பேசும்போது இதை மட்டும் சொல்லமாட்டேன்.

நம் பக்கம் மேலதிகாரி பேசும்போது நாம் என்ன செய்வோம்? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘சரி சார்’ போடுவோம். புரிந்ததா என்பது வேறு விஷயம். சரி என்பது ஒரு மரியாதை. ‘புரியல சார், இன்னொரு தடவை சொல்லுங்க’ என்றால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்று நாம் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும். இந்தப் பழக்கத்தை நான் விமானத்தில் பத்திரமாகக் கொண்டுபோயிருந்தேன்.

போன இரண்டாவது மாதம் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. ஆறு செம்மண் கரைசலாக ஓடியது. அந்த மாதிரி நேரத்தில் தண்ணீரைத் தெளிய வைக்கிற மருந்தின் அளவை மணிக்கு மணி மாற்ற வேண்டும். அவர்கள் முறையில் அதை எப்படிக் கணக்கிடுவது என்று மேற்பார்வையாளர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் யெஸ் மேடம், யெஸ் மேடம் என்று நின்றேன். இரண்டு இடம் எனக்குப் புரியவில்லை. பன்னிரண்டு வருடம் பார்க்காத கலங்கலா என்று என் கை மதிப்பில் அளவை வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் வந்து கண்ணாடிக் குவளையில் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். குவளைக்கு அந்தப் பக்கம் அவர் விரல் தெரியவில்லை. ஓடிப்போய் ஊருக்குப் போகிற வால்வை மூடினார். அன்று முழுக்க ஊர் மேல்நிலைத் தொட்டியில் இருந்த தண்ணீரில் ஓடியது. ஒரு சொட்டுக் கலங்கல்கூட யார் வீட்டுக்கும் போகவில்லை. அது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

சாயங்காலம் என்னை உட்காரவைத்து, நான் சொன்னது புரிந்ததா என்று கேட்டார். யெஸ் மேடம் என்றேன். மறுபடி அதையே கேட்டார். நோ மேடம் என்றேன். அந்த ஒரு ‘நோ’வைச் சொல்ல எனக்கு முப்பத்தெட்டு வருடம் ஆகியிருக்கிறது.

இதோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் எழுதிய அறிக்கையைக் காட்டினார். தவறுக்கு இரண்டு காரணம் போட்டிருந்தார். புதியவர் புரியாததைச் சொல்லவில்லை என்பது ஒன்று. புரிந்ததா என்று மேற்பார்வையாளர் உறுதி செய்துகொள்ளவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதை எடுத்துவிடுங்கள், தப்பு என்னுடையதுதான் என்று கெஞ்சினேன். எடுக்கவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் இந்த வேலைக்கு வேண்டும், மற்றதெல்லாம் கற்றுக்கொடுத்துவிடலாம் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எந்தக் கூட்டத்திலும் அவர் அதைத் திரும்ப எடுக்கவே இல்லை.

நான் நின்றது அப்படித்தான். பிறகு பரீட்சைகள் எழுதினேன், படிப்படியாக மேலே வந்தேன். அவர் நிலையத்தின் மேலாளர் ஆனபோது எனக்குத் துணை மேலாளர் பொறுப்பு கிடைத்தது. இத்தனை வருடத்தில் என் அப்பா யார், எங்கள் வீடு ஊரில் எந்தப் பக்கம், நாங்கள் என்ன ஆட்கள் என்று அவர் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அவருக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. எனக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று நான் அனுபவித்தவன். அப்படி அனுபவித்த நானேதான் இன்னொருவருக்கு இதைச் செய்தேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நிலையத்தில் பயிற்சிப் பொறியாளர் இடம் ஒன்று காலியானது. நிறைய விண்ணப்பம் வந்து, ஐந்து பேரைக் கூப்பிட்டோம். மேசைக்கு இந்தப் பக்கம் மேலாளரும் நானும். ஐந்தில் ஒரு விண்ணப்பத்தில் சங்கரன்கோவில் தாலுகா என்று இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம ஊர்க்காரர் என்று மேலாளரிடம் காட்டினேன். தண்ணீர் இல்லாத ஊர் என்று நீதானே புலம்புவாய், அங்கிருந்து தண்ணீர் வேலைக்கு இரண்டாவது ஆளா என்று கேலி செய்தார். வந்தவரைச் செல்வகுமார் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தெட்டு வயது. அங்கேயே வந்து மேற்படிப்பு முடித்தவர். அவருடைய விசாவில் நாலு மாதம்தான் பாக்கி. இந்த வேலை கிடைத்தால் அந்த நாட்டில் இருக்கலாம், கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நன்றாகப் பேசினார். அவசரப்படவில்லை. கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு, கேட்டதற்கு யோசித்துப் பதில் சொன்னார். மேலாளர் கடைசியில் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டார். ஆற்றின் நிறம் திடீரென்று மாறுகிறது, ஆனால் கருவியில் எந்த மாற்றமும் காட்டவில்லை, நீ மட்டும்தான் இருக்கிறாய், என்ன செய்வாய்? முந்தி வந்த நாலு பேரும் பாடப் புத்தகத்தை ஒப்பித்தார்கள். செல்வகுமார், கருவி சரியா என் கண் சரியா என்று எனக்குத் தெரியாது, தெரிகிற வரைக்கும் உள்ளே வருகிற தண்ணீரை நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிடுவேன் என்றார். தெரியாது என்பதைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார். மேலாளர் குனிந்து என்னவோ எழுதினார். அவர் சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரிந்தது.

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடம், நான் படாத பாடு பட்டுக் கற்றுக்கொண்டதை இவன் வந்த அன்றைக்கே சொல்கிறானே என்று சுருக்கென்றது. அதன் பின்னாலேயே, யார் பிள்ளை இவன் என்று வந்தது. நம் ஊர்க்காரன் ஒருவன் நன்றாகப் பேசினால் நமக்குள் இந்தக் கேள்வி எழும்புகிற வேகம் இருக்கிறதே, அதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

ஒரு மணி நேரமாக இங்கிலீஷில் பேசிக் களைத்திருப்பார், இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் உங்கள் பாஷையில் பேசிக்கொள்ளுங்களேன் என்றார் மேலாளர். அன்பாகத்தான் சொன்னார். செல்வகுமார் முகம் மலர்ந்துவிட்டது. நான் தமிழில் ஆரம்பித்தேன்.

“ஊர் எது தம்பி?”

“பனவடலிசத்திரம் பக்கத்துல சார்.” ஒரு சின்ன ஊரின் பெயரைச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஊர்தான்.

“அப்பா என்ன செய்யுதாக?”

“வயக்காட்டு வேலை சார்.”

“சொந்த வயலா?”

“இல்ல சார்.”

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“ஊருக்குள்ள எந்தத் தெரு?”

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்து ஊர்களில் தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறோம் என்பது கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். சாதியை வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம் என்று படித்துவிட்ட நாமெல்லாம் தெருவைத்தான் கேட்கிறோம்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தெருவின் பெயரைச் சொன்னார். மேசைமேல் இருந்த கைகள் மடிக்குப் போய்விட்டன. நான் “ஓ, சரி சரி” என்றேன். மேலாளர் மறுபடி இங்கிலீஷுக்கு வந்து, எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். செல்வகுமார் சட்டைப் பையில் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தார். கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அதை அவர் எடுக்கவே இல்லை. இல்லை, நன்றி என்று மேசையைப் பார்த்துச் சொன்னார்.

அவர் போனதும் மேலாளர், என்ன கேட்டாய், ஏன் முகம் அப்படி மாறிவிட்டது என்றார். அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்டேன், ஊர் ஞாபகம் வந்திருக்கும் என்றேன். துளி தடுமாற்றம் இல்லாமல் சொன்னேன். அவர் நம்பினார். நம்பாமலிருக்க அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

அவர் தன் தாளில் செல்வகுமார் பெயரைத்தான் முதலில் எழுதியிருந்தார். உன் கருத்து என்ன என்றார். அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பாடம் தெரிகிறது, ஆனால் கடைசியில் பார்த்தீர்களா, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, எங்கள் பக்கத்துப் பையன்கள் மனப்பாடம் செய்துகொண்டு வந்து நன்றாக ஒப்பிப்பார்கள், நெருக்கடி என்று வந்தால் வாய் திறக்கமாட்டார்கள் என்றேன். அந்த வாயை ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அடைத்தவன் நான். அடைத்துவிட்டு, அதையே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னேன். மேலாளர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே யோசித்தார். உனக்குத்தான் அந்த ஊர் ஆட்களைத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அவர் பெயரை அடித்து இரண்டாவதாக எழுதினார். தேர்வாகவில்லை என்கிற கடிதத்தைத் தயார் செய்வதும் என் வேலைதான். தகுதி உண்டு, ஆனால் தன்னம்பிக்கையோடு பேசும் திறனை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று அக்கறையாக ஒரு வரி சேர்த்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். வெறுப்பா என்றால், அன்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சாதியே கிடையாது என்று சத்தியம் செய்திருப்பேன். தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பம். கோயிலில் எல்லாரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவோம். ஆனால் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றும் எங்கள் ஆட்களுக்குள்ளேயேதான் நடந்திருக்கிறது. அதை ஏன் என்று நானும் கேட்டதில்லை. அந்த ஊரில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒரு தடவை சேர்ந்து சாப்பிடுவோம். இவர் வேலைக்குச் சேர்ந்தால் அங்கே வருவார், சட்டியில் கரண்டி போடுவார், இன்னும் சில வருடத்தில் என் நாற்காலியில் உட்காருவார். அவ்வளவுதான் என் மனதில் ஓடியது. ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுக்க இவ்வளவு அற்பமான காரணம் போதுமாக இருந்தது என்பதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

நாளைக்கு நீங்களும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருவீர்கள். அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் என்னைப் பிடித்திருக்கக்கூடியவர் யாருமே இல்லை. அந்த நாட்டில் பாரபட்சத்துக்கு எதிராகச் சட்டம் உண்டு. நேர்காணல் நடத்துகிறவர்களுக்கு வகுப்பு உண்டு. நானும் போய்ச் சான்றிதழ் வாங்கியவன். கேட்கக் கூடாத கேள்விகள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். வயது, மதம், கல்யாணம், பிள்ளை எல்லாம் அதில் இருந்தது. தெரு இல்லை. அதை எழுதியவர்களுக்கு நம் தெருக்களைத் தெரியாது. அங்கே அதைத் தெரிந்த ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். உங்களை நீங்களே பிடித்தால்தான் உண்டு.

இதற்குப் பிறகு நான் மனம் வருந்தி அவரைத் தேடிப்போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். தேடவில்லை. முதல் வருடம் அவ்வப்போது உறுத்தியது. பிறகு உறுத்துவதும் குறைந்துவிட்டது. போன வருடம் ஓய்வு பெற்றுச் சங்கரன்கோவிலுக்கு வந்து, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வீடு பார்த்துக் குடியேறினோம். நாலு மாதத்துக்கு முன்னால் வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் நின்றுவிட்டது. ஊருக்கே தண்ணீர் சுத்தம் செய்தவன் வீட்டு மெஷினைப் பார்க்கத் தெரியாமல் கடைக்குப் போன் போட்டேன். முற்பகலில் கடைக்காரரே பையோடு வந்தார். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு அடுப்படிக்குப் போய் மெஷினைக் கழற்றி, பில்டரை மாற்றி, தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, மறுபடி மாட்டினார். எல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டுதான் பேசினார்.

“சார், நீங்க நியூசிலாந்துல இருந்த சார்தான? நான் செல்வகுமார். இன்டர்வியூவுக்கு வந்தேன்.”

தெரிகிறது என்றேன். அந்த நிமிடம்தான் தெரிந்தது. என் மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தாள். இவர்களுக்குள் முன்பே பழக்கம் போல என்று நினைத்து இன்னொரு டம்ளரை எடுத்தாள்.

அவர் கோபமாகப் பேசவில்லை. ரொம்ப நாளாகக் கையில் வைத்திருந்த சந்தேகத்தைக் கேட்கிறவர் மாதிரிக் கேட்டார்.

“ஒரு சந்தேகம் சார். ஒம்பது வருசமா இருக்கு. அன்னைக்கு எனக்குக் கிடைக்காமப் போனது நான் சரியாப் பேசாததுனாலயா, இல்ல நீங்க கேட்டதுனாலயா?”

நெருக்கடியில் சரியான முடிவு எடுப்பது பற்றி நான் எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். வெள்ளத்தில் வால்வை எப்போது மூடுவது என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். இங்கே அடுப்படி வாசலில் ரெண்டும்தான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தது மனசு. அதில் பாதிப் பழியாவது அவர் தலைக்குப் போகும். அவர் காத்துக்கொண்டு நின்றார். டம்ளரோடு என் மனைவியும் நின்றாள்.

“நான் கேட்டதுனாலதான்” என்றேன். “ஒங்க பேரத்தான் அந்தம்மா மொதல்ல எழுதியிருந்தாங்க. நான்தான் மாத்துனேன்.”

அவர் அப்படியே தரையில் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். எங்களுக்குப் பிறகு அங்கே இன்னும் இரண்டு நேர்காணலுக்குப் போயிருக்கிறார். இரண்டிலும், எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்ட இடத்தில் வாய் அடைத்துவிட்டது. நான் கடிதத்தில் எழுதியது மாதிரியே ஆகிவிட்டார். விசா முடிந்து ஊருக்கு வந்தார். கடிதத்தை அவர் அப்பா பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். என் மகன் வெளிநாட்டில் இன்ஜினியர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர். அன்றிலிருந்து வீட்டில் எது நடக்காமல் போனாலும், உனக்குத்தான் பேச வராதே என்பார். கேட்டுக் கேட்டு இவரும் அதை நம்பிவிட்டார். அதன் பிறகு எந்தக் கம்பெனிக்கும் விண்ணப்பம் போடவில்லை.

எனக்கு உடனே பரிகாரம் செய்துவிட வேண்டும் என்று தவிப்பு. அங்கே எனக்கு இன்னும் ஆட்களைத் தெரியும், கடிதம் எழுதுகிறேன், சிபாரிசு செய்கிறேன் என்று கடகடவென்று பேசினேன். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

“வேண்டாம் சார். கடை இருக்கு, ரெண்டு பிள்ளைக இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எங்க அப்பாட்ட வந்து இதச் சொல்லுவீகளா? நான் சொன்னா சாக்குச் சொல்லுதான்னு நெனப்பாக. நீங்க சொன்னா நம்புவாக.”

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். போகவில்லை. ஆராதனை முடிந்து வந்ததும் உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்று படுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஆள் வருவதாக ஒரு காரணம். அவர் போன் செய்து கேட்கவும் இல்லை. நடுவில் என் பழைய மேலாளருக்கு மின்னஞ்சலில் எல்லாவற்றையும் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. செல்வகுமார் முகம் மாறியதைப் பார்த்தும் நான் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது என் தவறு, நீ என்னிடம் சொன்னது பொய், அது உன் தவறு, என் சார்பாகவும் போய்ச் சொல் என்று நாலே வரி. அதற்கும் எழுந்திருக்கவில்லை நான். வெள்ளைக்காரியிடம் கம்ப்யூட்டரில் ஒப்புக்கொள்வது லேசாக இருந்தது. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வீட்டுக்குப் போவதுதான் முடியவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஆராதனைக்குக் கட்டின சேலையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அடுப்படியில் எல்லாவற்றையும் கேட்டவள் அவள். அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை.

“நீங்க போறீகளா, நான் போயிச் சொல்லவா?” என்றாள்.

போனேன். செல்வகுமாருக்குப் போனில் சொல்லிவிட்டு பஸ் ஏறி, பனவடலிசத்திரத்தில் இறங்கினேன். செல்வகுமார் பைக்கில் வந்து காத்திருந்தார். ஏன் இத்தனை நாள் என்று கேட்கவில்லை. அந்தத் தெருவுக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன வயதில் அந்த ஊருக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை.

அவர் அப்பாவுக்கு எழுபது வயது இருக்கும். மகனுடைய பழைய நேர்காணலில் இருந்த பெரிய அதிகாரி வருகிறார் என்று வெளுத்த சட்டை போட்டுத் தயாராக இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நீங்கள் உட்காருங்கள் என்றேன். அவரும் உட்காரவில்லை. வழியெல்லாம் நல்ல வாக்கியமாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

“ஒங்க மகன் அன்னைக்கு நல்லாப் பேசுனாரு” என்றேன். “எல்லாரையும் விட நல்லாப் பேசுனாரு. அந்தம்மா அவரத்தான் எடுக்கணும்னு எழுதியிருந்தாங்க. நான் எந்தத் தெருன்னு கேட்டேன். கேட்டுட்டு, இவரு வேண்டாம்னு சொல்லிட்டேன். பேச வரலன்னு லெட்டர்ல எழுதுனதும் நான்தான். அது பொய்.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். ஏசுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் என் பக்கமே திரும்பவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்ற மகனைப் பார்த்தார்.

“அப்ப நீ நல்லாத்தான் பேசியிருக்க, என்னலே?”

“ஆமாப்பா.”

“ஒம்பது வருசமா ஒன்னய வாயில்லாதவன்னு ஏசிட்டேனே மக்கா. தெரியாமப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாத.”

அவர் கண்ணைத் துடைக்க, மகன் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். விடுங்கப்பா, விடுங்க என்றார். நான் அங்கே நிற்பது இரண்டு பேருக்குமே ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து, ரோடு வரைக்கும் நடந்தேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் நான் சொல்லவே இல்லை. அந்த வீட்டில் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டவர் அந்தத் தகப்பனார்தான்.